மலர்களின் மறைந்த முகம்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது முன்னோர் வாக்கு. செய்தித்தாளில் பல்லாண்டுகள் பணியாற்றிய எனக்கு இவ்வாக்கின் ஆழத்தை உணர்த்தியது, அரசியலன்று, பூக்களின் வரலாறு.

1793இல் ஜேர்மனியின் கிறிஸ்தியான் கொன்றாட் ஸ்பிரெங்கல், இதழ்களிலுள்ள கோடுகளும் புள்ளிகளும் பூச்சிகளைத் தேனிடம் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் என நூலொன்றில் எழுதினார். அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் டார்வினே அதன் பெருமையை உணர்த்தினார். ஆயினும் ஒரு வினா எஞ்சியது. கோடோ புள்ளியோ இல்லாத மலரில் பூச்சி எவ்வாறு வழி அறிகிறது?

விடைக்கான திறவுகோல் 1801இலேயே கிடைத்திருந்தது. நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தென்படாத இடத்தில் யோகான் வில்ஹெல்ம் றிற்றர் வைத்த வெள்ளிக் குளோரைட்டு விரைந்து கறுத்தது. புற ஊதாக் கதிர் இவ்வாறு அறியப்பட்டது. மனிதக் கண்ணின் வில்லை அதனைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடுவதால் நாம் அதனைக் காண்பதில்லை. எறும்புகள் அதனை உணர்வதை ஜோன் லபொக் 1880களில் காட்டினார். தேனீக்களும் உணர்வதை 1921இல் கியூனும் போலும் நிறுவினர்.

1924இல் நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிராங்க் லற்ஸ், மலர்களைப் புற ஊதா ஒளியில் படமெடுத்து ஆராய்ந்து வெளியிட்டார். முறை எளியது: ஒரே மலரை முதலில் சாதாரண ஒளியிலும், பின்னர் கட்புல ஒளியை மறித்துப் புற ஊதாவை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தியும் படமெடுத்து, இரண்டையும் ஒப்பிடுதல்.

தோட்டங்களில் வளரும் றட்பெக்கியாவை எடுத்துக்கொள்வோம். நமக்கு அதன் இதழ்கள் முழுவதும் மஞ்சள். புற ஊதாப் படத்திலோ நுனிகள் ஒளிர, அடிப்பகுதிகள் கறுத்து, நடுவைச் சுற்றி ஒரு வளையம் தோன்றுகிறது. அங்குள்ள பிளவனோல் சேர்மங்களே கதிரை உறிஞ்சுகின்றன என 1972இல் கண்டறியப்பட்டது.

எனினும் அப்படத்தைத் தேனீயின் பார்வை எனக் கொள்ளலாகாது. தேனீ புற ஊதாவுடன் நீலத்தையும் பச்சையையும் கலந்தே காண்கிறது. படம் அவற்றுள் ஒன்றை மட்டுமே பிரித்துக் காட்டுகிறது. கண்ணின் சாட்சியத்தைத் திருத்த வந்த படமும் முழுச் சாட்சியன்று. அதனையும் விசாரித்தே ஏற்க வேண்டும்.