கோதுமைக்கு முன்பே வந்த செடி

பார்த்தீனியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கோதுமைக் கப்பலைக் கைகாட்டுவார்கள். அமெரிக்கா பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் அனுப்பிய கோதுமையோடு கலந்து வந்ததாம். காங்கிரஸ் புல் என்ற அதன் பெயரே அதற்குச் சாட்சியாம். ஆனால் புனேயில் இந்தச் செடி கண்ணில் பட்டது 1955இல். பி.எல். 480 ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1956 ஆகஸ்டில். 1951லேயே வேறு ஏற்பாட்டில் அமெரிக்கக் கோதுமை வந்தது, அது உண்மை. இருந்தாலும் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ தொகுத்து 1814இல் வெளியான கல்கத்தாத் தோட்டப் பட்டியலிலேயே இச்செடி இருக்கிறது. கோதுமை மூட்டைகள் புது விதைகளைக் கொண்டுவந்து கொட்டியிருக்கலாம். முழுப் பழியையும் அவற்றின் மேல் போடுவது நியாயமில்லை.

மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் செடி இது. மிளகளவே உள்ள அதன் வெள்ளைப் பூவை உற்றுப் பார்த்தால் ஐந்து மூலை தெரியும். மூலைக்கு ஒரு விதை. நடுவில் நெருக்கமாக இருக்கும் குட்டிப் பூக்கள் விதை தருவதில்லை, மகரந்தம் மட்டுமே தரும். விடாத தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு எல்லாம் அந்த மகரந்தத்தால் வருபவை. பெங்களூரில் ஒவ்வாமைச் சளிக்கு இது பெரிய காரணம் என்று 1991இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். செடியிலுள்ள பார்த்தெனின் தோலையும் விடாது. களையெடுக்கும் பெண்களின் கையும் கழுத்தும் தடித்து வெடிப்பதைப் பார்த்தவர்கள் இதை வெறும் களை என்று சொல்லமாட்டார்கள்.

ஒரு செடியே பல்லாயிரம் விதை விடும். நாடு முழுக்க அதைச் சுமந்தது நாம்தான்: லாரி டயரில் ஒட்டிய சேறு, ஆற்று மணல், எரு வண்டி, ரயில் பாதையோரம். கடலையும் தாண்டியது. 1987இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுபோன ஆடுகளோடு விதையும் போனதாகவே அங்கு நம்புகிறார்கள். இன்று வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தோட்டக்காரர்கள் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

1984இல் இச்செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டு ஒன்றைப் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையை மொட்டையடித்துவிடும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். சாக்கடையோரச் செடியோ அப்போதும் பூக்கும். ஆகவே கைவேலை தப்பாது. மழை பெய்து மண் இளகியிருக்கையில், பூ விடுமுன், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்தபின் பிடுங்கி வரப்பில் குவித்தால் அங்கேயே விதை கொட்டும்.