வாயிற்காவல்

மின்னல் தொலைவில் விழுந்தாலும் அதன் வேகம் கம்பி வழியே ஓடிவந்து கருவியை அழிக்கவல்லது. தந்தி தோன்றிய காலத்திலேயே இவ்வுண்மை புலனாயிற்று. 1847ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான லூயி பிரெகே, நிலையத்துள் கம்பி நுழையுமிடத்தில் மெல்லிய கம்பித் துண்டொன்றை இணைக்குமாறு கூறினார். மிகை மின்னோட்டம் பாயின் அத்துண்டு உருகி அறும். உள்ளேயிருக்கும் கருவி தப்பும். ஆயினும், புதுத்துண்டு பொருத்தும்வரை செய்தி தடைப்பட்டு நிற்கும்.

இக்குறை தீர மற்றொரு முறையும் தந்தி நிலையங்களிற் கைக்கொள்ளப்பட்டது. கம்பிக்கும் நிலத்துக்குத் தொடுக்கப்பட்ட தகட்டுக்குமிடையே சிறு இடைவெளி விடப்பட்டது. மின்னழுத்தம் மிகும்போது பொறி அவ்விடைவெளியைத் தாண்டி நிலத்தைச் சேரும், கம்பியோ அறாது.

இன்று நகத்தளவேயான நுண்கட்டுப்படுத்திக்கும் இக்காவல் வேண்டியதாகின்றது. 5 வோல்ற்றில் இயங்கும் சில்லின் உள்ளீட்டு முனையில் 12 வோல்ற்று நேரே பட்டால் அது பழுதுறலாம். ஆகவே, முனைக்கு முன் வைக்கப்படும் தடையி மின்னோட்டத்தைக் குறைக்கின்றது. ஒருவழியே மின்னை விடும் இருவாயி மிகையை மின்வழங்கற் பாதைக்குத் திருப்புகின்றது.

செய்தி உள்ளே வரவேண்டும், மிகை விலகிப்போக வேண்டும் என்னும் தந்திக்கால விதி இன்றும் மாறவில்லை.