லினக்ஸ் ரவுட்டர்: பழுது கண்டறிதல்

லினக்ஸ் கெர்னலில் இயங்கும் சிறு ரவுட்டர் என்பது வீடு, கடை, சிறு அலுவலகம் போன்ற இடங்களின் உள்வலையை இணையத்தோடு இணைத்து, ஃபயர்வாலாகவும் காவல் நிற்கும் பெட்டி. அது கடையில் வாங்கிய வைஃபை ரவுட்டராக இருக்கலாம். இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள சிறு கணினியாகவோ ராஸ்பெரி பையாகவோ இருக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி, ஐபிஃபயர் போன்ற தொகுப்புகள் இதற்கென்றே உள்ளவை. வெறும் டெபியனைக் கொண்டும் இதே வேலையைச் செய்துகொள்ளலாம். மேலே எந்தத் தொகுப்பு இருந்தாலும் பாக்கெட்டைத் தடுப்பதும் முகவரி மாற்றி அனுப்புவதும் கெர்னலில் உள்ள நெட்ஃபில்டர்தான். ஆகவே பழுது பார்க்கும் முறையும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே: பாக்கெட் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று முதலில் கண்டுபிடிப்பது, அதன் பிறகே அமைப்பில் கை வைப்பது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டு மூன்று விதிகளை மாற்றிப் பார்த்து, ரீஸ்டார்ட் செய்து, கடைசியில் முதலில் இருந்த பழுது எது, தாங்கள் புதிதாக உண்டாக்கியது எது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

(பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஆகியவை ஃப்ரீபிஎஸ்டியில் இயங்குபவை. கீழே வரும் நெட்ஃபில்டர் விவரங்கள் அவற்றுக்குப் பொருந்தா.)

பின்னணி

1990களின் பிற்பகுதியில் லினக்ஸ் ரவுட்டர் புராஜெக்ட் என்ற தொகுப்பு 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றில் அடங்கியது. பழைய கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி ஃப்ளாப்பியிலிருந்து பூட் செய்தால் ரவுட்டர் தயார். அது முழுக்க ரேமில் ஓடியது. மாற்றியதை ஃப்ளாப்பியில் மறுபடி எழுதாமல் விட்டால் அடுத்த பூட்டில் பழைய நிலைக்கே போய்விடும். இந்த வகைப் பழுதுக்கு இன்றும் வயதாகவில்லை. கட்டளை வரியில் சேர்த்த விதி கெர்னலில் உடனே அமலுக்கு வருகிறது, ஆனால் அமைப்புக் கோப்பில் ஏறுவதில்லை. கரண்ட் போய் வந்ததும் ‘நேற்றுவரை நன்றாக ஓடியதே’ என்ற குரல் கேட்பது இதனால்தான்.

லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருந்தது தெரியவந்து, ஜிபிஎல் உரிமத்தின்படி 2003இல் அதன் மூலநிரல் வெளியானது. அதிலிருந்து 2004இல் கிளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பெயரிலேயே அந்த மாடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விதிகளை எழுதும் கருவியாக நெடுங்காலம் இருந்தது ஐபிடேபிள்ஸ். அதன் இடத்தைப் பிடிக்க வந்த என்எஃப்டேபிள்ஸ் 2014இல் 3.13 கெர்னலோடு சேர்ந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி தன் 22.03 பதிப்பில் அதற்கு மாறியது. பழுது பார்ப்பவருக்கு இந்த மாற்றத்தில் ஒரு பொறி உண்டு. பழைய ஐபிடேபிள்ஸ் விதிகளும் புதிய என்எஃப்டேபிள்ஸ் விதிகளும் ஒரே கெர்னலில் ஒரே நேரத்தில் அமலில் இருக்க முடியும். ஒன்று அனுமதித்த பாக்கெட்டை மற்றொன்று கீழே போடும். என்எஃப்டி கட்டளை காட்டும் பட்டியலில் பழைய வகை விதிகள் தெரியவே தெரியாது. எல்லாம் சரியாக எழுதியும் பாக்கெட் போகவில்லையென்றால், இரண்டு பட்டியலையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். டெபியன் ரவுட்டரில் டாக்கரை நிறுவியவர்களுக்கும் இதே கதி நேர்வதுண்டு. கடந்துபோகும் பாக்கெட்டுகளைத் தடுப்பதை டாக்கர் தானாகவே இயல்பு நிலையாக மாற்றிவிடுகிறது.

மூன்று வழிகள்

ரவுட்டருக்கே வரும் பாக்கெட் ‘இன்புட்’ வழியிலும், ரவுட்டரே அனுப்புவது ‘அவுட்புட்’ வழியிலும், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது ‘ஃபார்வர்ட்’ வழியிலும் செல்கின்றன. மூன்றுக்கும் விதிகள் வேறு. ரவுட்டருக்குள் நுழைந்து 8.8.8.8க்குப் பிங் செய்து பதில் வந்துவிட்டால் இணைப்பு சரி என்று முடிவு கட்டுவது தவறு. சோதித்தது அவுட்புட் வழியை மட்டுமே. அதே பிங்கை உள்வலையில் உள்ள கணினியிலிருந்தும் செய்ய வேண்டும். ரவுட்டரிலிருந்து போய், கணினியிலிருந்து போகாவிட்டால், ஃபார்வர்ட் விதி, முகவரி மாற்றம், கெர்னலின் ஐபி ஃபார்வர்டிங் சுவிட்ச் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். ரவுட்டரிலிருந்தே போகவில்லையென்றால் ஃபார்வர்ட் விதிகளைத் திருத்திக்கொண்டிருப்பது வீண். கேபிள், மோடம், சேவை நிறுவனம் என்று வெளிப்பக்கம் பார்க்க வேண்டும்.

பெயரும் எண்ணும் வேறுவேறு வழியில் போவதையும் கவனிக்கலாம். உள்ளே உள்ள கணினி ஒரு தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும்போது பெரும்பாலும் ரவுட்டரில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்கிடம்தான் கேட்கிறது. டிஎன்எஸ்மாஸ்க் வெளியே கேட்டுச் சொல்கிறது. இதில் ஃபார்வர்ட் வழிக்கு வேலையே இல்லை. அதனால் பெயருக்கு முகவரி கிடைத்தும் பக்கம் திறக்காமல் இருக்கலாம். எண்ணுக்குப் பிங் போய், பெயருக்குப் போகாவிட்டால் நேரே டிஎன்எஸ் பக்கம் திரும்பலாம்.

பிழை தெரியும் விதமும் துப்புக் கொடுக்கும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று அந்தக் கணமே வந்தால் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள்: ‘ரிஜெக்ட்’ விதியோ, அந்தப் போர்ட்டில் எதுவும் இயங்காத கணினியோ. வெகுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று வந்தால் ‘டிராப்’ விதி, அல்லது பாக்கெட் வழியில் தொலைந்திருக்கிறது.

இரு பக்கமும் பார்ப்பது

விதிகளைப் படித்துப் படித்துக் கண் வலித்த பிறகும் பிடிபடாத பழுதை, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளை சில நிமிடங்களில் காட்டிவிடும். இரண்டு ஜன்னல்கள் திறந்து, ஒன்றில் உள்பக்க இன்டர்ஃபேஸையும் மற்றொன்றில் வெளிப்பக்க இன்டர்ஃபேஸையும் பார்த்துக்கொண்டே கணினியிலிருந்து ஓர் இணைப்பைத் தொடங்க வேண்டும். உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடுகிறது. வெளியேறும் பாக்கெட்டை ஃபயர்வாலைத் தாண்டிய பிறகே பார்க்கிறது. உள்பக்கம் தெரிந்தது வெளிப்பக்கம் தெரியாவிட்டால் அது ரவுட்டருக்குள்ளேயே மடிந்திருக்கிறது. வெளிப்பக்கம் 192.168 என்ற உள்முகவரியோடே போனால் முகவரி மாற்றம் நடக்கவில்லை. சரியான முகவரியோடு போய், பதிலே வராவிட்டால் குற்றம் அப்பால். பதில் வெளிப்பக்கம் வந்து உள்பக்கம் போய்ச் சேரவில்லையென்றால் பதிலுக்கான அனுமதியையோ, திரும்பும் வழியைச் சரிபார்க்கும் ஆர்பி ஃபில்டரையோ சந்தேகிக்கலாம். இரண்டு இணைய இணைப்புகள் உள்ள ரவுட்டரில் ஒரு பக்கம் போனதற்கு மறுபக்கம் பதில் வந்தால், ஆர்பி ஃபில்டர் ஓசையில்லாமல் அதைக் கீழே போட்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை. ஹார்ட்வேர் ஆஃப்லோட் வசதி இயங்கும் ரவுட்டரில், நிலைபெற்ற இணைப்பின் பாக்கெட்டுகள் சிபியுவைத் தொடாமலே சில்லின் வழியாகப் போய்விடும். டிசிபிடம்ப்பிலும் வராது, விதிகளின் எண்ணிக்கையிலும் ஏறாது. பழுது பார்க்கும்போது அதை அணைத்துவிடுவது நல்லது.

பாதி திறக்கும் பக்கங்கள்

பிங் போகும், யூடியூப் ஓடும், ஆனால் வங்கியின் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். மின்னஞ்சல் போகும், இணைப்புக் கோப்போடு போகாது. சேவை நிறுவனத்தின் உதவி மையம் ‘எங்கள் பக்கம் எல்லாம் சரி’ என்று சொல்வது இந்தப் பழுதில்தான் அதிகம். காரணம் பாக்கெட்டின் அளவு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறை அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1492. வெளியே உள்ள சர்வர் 1500 பைட் பாக்கெட்டை ‘துண்டாக்காதே’ என்ற குறியோடு அனுப்பினால் அது வழியில் நின்றுவிடும். ‘இது பெரிது, சிறிதாக்கி அனுப்பு’ என்று ஐசிஎம்பி செய்தி திரும்பிப் போக வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்தவர்களின் சர்வரில் அந்தச் செய்தி சேர்வதில்லை. சிறிய பாக்கெட்டுகள் போவதால் பிங் போகிறது. சான்றிதழ் அனுப்பும் முதல் பெரிய பாக்கெட்டிலேயே வங்கிப் பக்கம் நின்றுவிடுகிறது. கூகுள் தளங்கள் பயன்படுத்தும் குவிக் நெறிமுறை சற்றே சிறிய பாக்கெட்டுகளோடு தொடங்குவதால் தப்பிவிடுகிறது.

சோதிப்பது எளிது. கணினியிலிருந்து துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடு 1464 பைட் தரவு வைத்துப் பிங் அனுப்ப வேண்டும். அதோடு ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்தால் 1492. 1464 போய் 1465 போகாவிட்டால் இணைப்பின் அளவு 1492 என்று உறுதி. தீர்வு, இணைப்பு தொடங்கும்போதே பேசிக்கொள்ளும் எம்எஸ்எஸ் அளவை ரவுட்டர் 1460இலிருந்து 1452ஆகக் குறைத்து எழுதிவிடுவது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் இது ஒரு டிக் குறிதான். வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கம் இருந்தால் மேலும் 80 பைட் கழியும்: சாதாரண இணைப்பில் 1420, பிபிபிஓஇ மீது 1412. ஐபிவி6இல் நடுவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை என்பதால் அங்கே ஐசிஎம்பியை அடைப்பது இன்னும் பெரிய கேடு. பக்கத்து இயந்திரத்தைக் கண்டுபிடிப்பதுகூட அதன் வழியாகவே நடக்கிறது.

பழைய இணைப்புகளின் நினைவு

கடந்துபோகும் ஒவ்வோர் இணைப்பையும் கான்டிராக் என்ற பகுதி ஓர் அட்டவணையில் வைத்திருக்கிறது. அட்டவணை நிரம்பினால் புதிய இணைப்புகள் விழும். கெர்னல் லாகில் ‘டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்’ என்ற வரி வரும். ஒரே கணினியில் ஓடும் டாரண்ட் போதும் சிறு ரவுட்டரை நிரப்ப. நிலைபெற்ற டிசிபி இணைப்பு சும்மா கிடந்தாலும் கெர்னலின் இயல்பு அமைப்பில் 4,32,000 விநாடி, அதாவது 5 நாள், அட்டவணையில் இருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி இதை 7,440 விநாடியாகக் குறைத்து வைத்திருக்கிறது.

முகவரி மாற்ற விதிகள் ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டுமே பார்க்கப்படுகின்றன. விதியைத் திருத்தியும் ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள் சோதிப்பது பெரும்பாலும் பழைய இணைப்பையே. இணையத் தொலைபேசியில் இது முற்றிப்போகும். வெளி முகவரி மாறிய பிறகும் தொலைபேசி சில விநாடிக்கு ஒருமுறை பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருப்பதால், பழைய முகவரி கொண்ட பதிவு காலாவதியாவதே இல்லை. அந்தப் பதிவை நீக்கும்வரை அழைப்பு வராது.

முகவரியும் கடிகாரமும்

மோடமும் 192.168.1.1, புதிய ரவுட்டரும் 192.168.1.1 என்றால் இரு பக்கமும் ஒரே வலை ஆகிவிடும்; ரவுட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்புவதென்று தெரியாது. ரவுட்டரின் உள்முகவரியை 192.168.7.1 என்பதுபோல வேறாக்கினால் தீர்ந்தது. வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் சேவை நிறுவனமே பலருக்கு ஒரு பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அந்த முகவரி வழியே வெளியிலிருந்து போர்ட் திறக்க எவ்வளவு விதி எழுதினாலும் பயனில்லை. போர்ட் திறந்திருக்கிறதா என்பதை வீட்டு வைஃபையிலிருந்து சோதிக்கக் கூடாது. மொபைல் டேட்டாவிலிருந்து சோதிக்க வேண்டும்.

பல சிறு ரவுட்டர்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. பூட் ஆகும்போது ஓப்பன்டபிள்யூஆர்டி, அமைப்புக் கோப்புகளில் கடைசியாகத் திருத்தப்பட்டதன் நேரத்தையே இப்போதைய நேரமாக எடுத்துக்கொள்கிறது. அது பல மாதம் பின்தங்கியிருக்கலாம். சரியான நேரத்தை இணையத்தில் கேட்க சர்வரின் பெயருக்கு முகவரி வேண்டும். டிஎன்எஸ் பதிலின் கையொப்பத்தைச் சரிபார்க்கச் சரியான நேரம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும். வயர்கார்டும் இதில் சிக்கும்: முன்பு பார்த்த நேரத்தைவிடப் பழைய நேரத்தோடு வரும் கைகுலுக்கலை எதிர்முனை ஏற்காது. நேர சர்வர்களில் ஒன்றையாவது பெயரில்லாமல் எண் முகவரியாக, சுரங்கத்துக்கு வெளியே போகும்படி வைப்பது போதும்.

பெட்டியே காரணமாகும்போது

கிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கி, வேறு குறை எதுவும் காட்டாமல் ஓடக்கூடும். ஈதிடூல் கட்டளை இதைச் சொல்லிவிடும். வைஃபையில் பளு ஏறும்போதெல்லாம் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் மென்பொருளைத் தொடுவதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பார்க்கலாம். ராஸ்பெரி பையில் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெர்னல் லாகிலேயே எச்சரிக்கை வரும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் லாக் ரேமில் இருப்பதால் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும். இரவில் நின்றுபோகும் ரவுட்டருக்கு லாகை இன்னொரு கணினிக்கு அனுப்பி வைக்காமல் காரணம் தெரியாது.

வெளியே மாட்டிக்கொண்டால்

தொலைவிலிருந்து ஃபயர்வாலைத் திருத்துகிறவர், சில நிமிடங்களில் பழைய விதிகளை மீட்கும் கட்டளை ஒன்றை முன்கூட்டியே ஓடவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எல்லாம் சரியானால் அதை நிறுத்திக்கொள்ளலாம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் வலைப்பக்கம், மாற்றத்துக்குப் பின் 90 விநாடிக்குள் மறுபடி தொடர்புகொள்ள முடியாவிட்டால் தானே பழையதற்குத் திரும்பும். அதையும் மீறிப் பூட்டிக்கொண்டால் ஃபெயில்சேஃப் உண்டு: பூட் ஆகும்போது விளக்கு சிமிட்டும் தருணத்தில் பொத்தானை அழுத்தி, கணினிக்கு 192.168.1.2 என்று கையால் முகவரி கொடுத்து, கடவுச்சொல் இல்லாமலே 192.168.1.1இல் நுழையலாம். ஃபெயில்சேஃபும் வராவிட்டால் பெட்டியைத் திறந்து சர்க்யூட் போர்டில் உள்ள சீரியல் முனைகளில் இணைய வேண்டும். அங்கே வேகம் பெரும்பாலும் 115200. மின்னழுத்தம் பெரும்பாலும் 3.3 வோல்ட். 5 வோல்ட் சீரியல் அடாப்டரைப் பயன்படுத்தினால் சில்லு கருகலாம். தரைக் கம்பி, அனுப்பும் கம்பி, பெறும் கம்பி மூன்றையும் மட்டும் இணைத்து, மின்கம்பி முனையைச் சும்மா விட்டுவிட வேண்டும்.