இரும்புக்கையை வரைந்த கை

தீப்பெட்டியின் மேல் ஒட்டப்படும் மயிலையும் மத்தாப்புப் பெட்டியின் மேல் சிரிக்கும் குழந்தையையும் வரைந்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய பின் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் அதனை ஒட்டி வளர்ந்தது. அந்த லேபிள்களில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஓவியனின் பெயர் இராது. இதே ஊரில் அச்சான சித்திரக் கதைகளுக்கும் நெடுங்காலம் இதுவே விதியாயிற்று.

சிவகாசி இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காலம் அது. 1972இல் எம். சௌந்தரபாண்டியன் வெளியீட்டாளராகவும் முல்லை தங்கராசன் ஆசிரியராகவும் இருக்க, 'முத்து காமிக்ஸ்' தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. இலண்டனில் 1962 அக்டோபரில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் வந்த தொடரின் தமிழாக்கம் அது. மூலத்தின் தலைப்பு எஃகு நகத்தை மட்டுமே சொல்கிறது. நகத்தைக் கையாக்கி, எஃகை இரும்பாக்கி, 'மாயாவி' என்னும் சொல்லையும் சேர்த்த தமிழ்ப் பெயர் மூலத்தினும் சிறந்தது என்பதே நமது கருத்து.

அக்கதையை முதலில் எழுதியவர் கென் புல்மர், பின்னர் டாம் டல்லி. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர். 1919இல் பார்சிலோனாவில் பிறந்த அவர், பதினாறாம் வயதிலேயே 'கூட்டோ' என்னும் சிறுவனைப் படைத்து இதழ்களுக்கு வரைந்தார். மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. அது முடிந்த பின், 1940களில் 'சிகோஸ்' இதழில் கூட்டோவின் சாகசங்களை எழுதியும் வரைந்தும் ஸ்பானியச் சிறுவர்களிடையே புகழ்பெற்றார். அங்கு அவர் கதாசிரியரும் ஓவியருமாக அறியப்பட்டவர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஐம்பதுகளில் பார்சிலோனாவின் ஓவியர் பலர் முகவர்கள் வழியே இலண்டன் இதழ்களுக்கு வரையலாயினர். வறுமைப்பட்ட ஸ்பெயினில் பவுண்டுக் கூலி பெரிது. இலண்டன் பதிப்பகங்களுக்கோ அதே கூலி மலிவு. பிளாஸ்கோவின் உடன்பிறந்தார் அலெஹாந்திரோ, ஆத்ரியானோ, அகுஸ்தோ, பிலார் ஆகியோரும் ஓவியர்களே. வீடே பட்டறையாக வேலை நடந்தது. தீப்பெட்டி ஒட்டும் வீடுகளைக் கண்டு வளர்ந்த நம் வட்டாரத்தாருக்கு இது புதிய காட்சியன்று.

மாயாவியின் கதை பலரும் அறிந்ததே. ஆய்வக விபத்தில் வலக்கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு உலோகக் கை பொருத்தப்படுகிறது. உயர் மின்னழுத்தம் பாயும்போது அவன் உடல் மறைந்துவிடும். அக்கை மட்டும் தெரியும். தொடக்கத்தில் அவன் குற்றவாளி, பின்னரே நல்லவர் பக்கம் சேர்கிறான். எழுத்தில் இது எளிது. ஓவியனுக்கோ பெரும் இடர்! கதாநாயகனுக்கு முகமில்லை, தோளில்லை, நடையில்லை. அச்சமும் சினமும் தயக்கமும் ஐந்து உலோக விரல்களில் தோன்றியாக வேண்டும். பிளாஸ்கோ அதைச் செய்தார். கதவின் பிடியை நெருங்கும் கையைக் கண்டதும், அதன் பின்னே ஓர் ஆள் மூச்சடக்கி நிற்பதை நாம் உணர்கிறோம். அந்த வெற்றிடத்திற்கு எடை கொடுப்பன சுற்றியுள்ள பொருள்களே: விளக்கொளி விழும் சுவர், ஈரத் தெரு, திடுக்கிட்டுத் திரும்பும் காவலனின் முகம். நிழலைக் கருந்திட்டாக அப்பிவிடாமல் மெல்லிய கோடுகளால் படிப்படியாக ஏற்றுவது அவர் வழக்கம். மலிவுத் தாளிலும் அந்த நிழல் முற்றும் அழிந்துவிடவில்லை.

ஆனால் பக்கத்தில் எங்கும் அவர் பெயர் இல்லை. இது சிவகாசியில் நேர்ந்த விடுபாடு அன்று. 'வேலியண்ட்' தானும் படைப்பாளர் பெயரை அச்சிடவில்லை. பிரிட்டிஷ் வார இதழ்களில் அவ்வழக்கம் தளர்ந்தது 1977இல் தொடங்கிய '2000 ஏடி'க்குப் பின்னரே. மாயாவி கதைகளுள் சிலவற்றைப் பிற ஓவியர்களும் வரைந்துள்ளனர். கோட்டின் வேறுபாட்டை உணர்ந்த சிறுவர் உண்டு. அவ்வேறுபாட்டுக்குச் சூட்ட ஒரு பெயர்தான் அவர்களிடம் இல்லை. ஆசிரியர் பெயரும் உரையாசிரியர் பெயரும் அறியாது நூலைத் தொடாத கல்வி மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நாமும் இந்நூல்களை அவ்வாறே படித்து முடித்தோம்.

பிளாஸ்கோ பின்னர் பெல்ஜியத்தின் 'ஸ்பிரு' இதழுக்காகவும், இறுதிக் காலத்தில் இத்தாலியின் டெக்ஸ் வில்லர் தொடருக்காகவும் வரைந்தார். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல் தொடங்கிய 'லயன் காமிக்ஸ்' வழியே அந்த டெக்ஸும் சிவகாசிக்கு வந்து சேர்ந்து, தமிழ் வாசகரின் பெருவிருப்புக்கு உரியவரானார்.

1995இல் பார்சிலோனாவில் பிளாஸ்கோ காலமானார். மாயாவியின் தொடக்கக் கதைகள் 2005இல் இலண்டனில் நூலாகத் தொகுக்கப்பட்டபோது, அதில் புல்மரின் பெயருடன் அவர் பெயரும் இடம்பெற்றது. முத்து காமிக்ஸின் முதல் இதழை விருதுநகர்ப் பேருந்து நிலையத்தில் வாங்கிய சிறுவனுக்கு அப்போது நாற்பது வயது கடந்திருக்கும்.