கீழ்ப்பாக்கமும் ஏர்வாடியும்

எங்கள் கரிசல் காட்டுப் பேச்சில் இரண்டு ஊர்ப் பெயர்கள் வெறும் ஊர்ப் பெயர்களாக வழங்குவதில்லை. ஒன்று கீழ்ப்பாக்கம், மற்றொன்று ஏர்வாடி. கோவில்பட்டிக் கடைத்தெருவில் ஒருவன் கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால், "இவனைக் கீழ்ப்பாக்கத்தில் கொண்டுபோய் விடவேண்டியதுதான்" என்று சிரிப்பார்கள். நிஜமாகவே ஒரு வீட்டில் ஒருவனுக்குப் புத்தி கலங்கிவிட்டால் யாரும் சிரிப்பதில்லை. கோடாங்கி வருவார், உடுக்கை ஒலிக்கும், வேப்பிலையும் திருநீறும் வரும். அப்புறமும் தெளியாவிட்டால், "ஏர்வாடிக்குக் கூட்டிப்போய்ப் பாருங்களேன்" என்று பெரியவர் யாராவது குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்.

கேலிக்குக் கீழ்ப்பாக்கம், துன்பத்துக்கு ஏர்வாடி என்று இந்தப் பங்கு எப்படிப் பிரிந்தது? இதற்குப் பதில் தேடினால், மனநோயைப் பற்றிய படிப்பு நம் நாட்டில் வளர்ந்த சரித்திரத்தில் பாதியைத் தெரிந்துகொண்டு விடலாம்.

1794-ஆம் ஆண்டில் வாலண்டைன் கொனொலி என்ற வெள்ளைக்கார சர்ஜன் சென்னைப் புரசைவாக்கத்தில் மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி நடத்தத் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் 145 நோயாளிகளுடன் சர்க்கார் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வைத்தியத்தைவிடக் காவலுக்கே முதலிடம். மருந்து என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. மதில் மட்டும் உயரமாக இருந்தது. மதிலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியாத இடத்தைப் பற்றி ஜனங்கள் ஒன்று பயப்படுவார்கள், இல்லாவிட்டால் கேலி பேசுவார்கள். நாம் இரண்டையும் செய்தோம்.

தூரம் வேறு இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். ஐப்பசி மழையைப் பார்த்து விதைத்து, மாசி பங்குனியில் பருத்தி எடுக்கிற மானாவாரிக் குடியானவன், புத்தி கலங்கிய மகனைப் பிடித்துக்கொண்டு எந்த மாதத்தில் ரயில் ஏறுவான்? கொண்டுபோய் விட்டால் திரும்பப் போய்ப் பார்ப்பது எப்போது?

வைத்தியர்களுக்கே பஞ்சமான காலம் அது. 1946-இல் போர் கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தபோது, நாற்பது கோடி மக்கள் வாழ்ந்த பிரிக்கப்படாத இந்தியாவில் மனநோய்க்கென்று இருந்த படுக்கைகள் சுமார் 10,000. அதாவது நாற்பதாயிரம் பேருக்கு ஒரு படுக்கை. டாக்டர் பட்டம் பெற்றபின் இந்தத் துறையில் மேற்படிப்புப் படிக்க விரும்பினால் நம் நாட்டில் வசதி மிகவும் குறைவு. கமிட்டியின் யோசனையை ஒட்டி 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் ஏற்பட்டது. மறு ஆண்டே மேற்படிப்பும் தொடங்கியது. அங்கே பயின்றவர்களில் ஒருவர் டாக்டர் சாரதா மேனன். மனநோய் வைத்தியத்தில் பயிற்சி பெற்ற நம் நாட்டின் முதல் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். 1961-இல் அவர் கீழ்ப்பாக்கத்தின் தலைமையை ஏற்றார். 1978-இல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காகச் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை நம் நாடே டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. 1950-களில் அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில் இடநெருக்கடி. டாக்டர் வித்யாசாகர் வெளியே கூடாரங்களை அடித்து, நோயாளிகளோடு அவர்களுடைய உறவினர்களையும் தங்கச் செய்தார். நோயாளிகள் விரைவில் தேறி, வந்தவர்களோடேயே வீடு திரும்பினார்கள். 1957-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தைத் தொடங்கிய டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் காலத்திலிருந்து, அங்கேயும் உறவினர் ஒருவர் உடன் தங்குவது வழக்கமாயிற்று. மேல்நாட்டு முறை நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்தது. இவர்கள் குடும்பத்தையே வைத்தியத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

சரி, ஏர்வாடி? கோவில்பட்டியிலிருந்து கிழக்கே விளாத்திகுளம், சாயல்குடி வழியாகப் போனால் கடற்கரையோரம் வரும் ஊர். தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போவார்கள். அங்கே யாரும் மதில் கட்டி மறைக்கவில்லை. நோய்க்குப் பெயர் கேட்கவில்லை. "பைத்தியம்" என்று எழுதி வாங்கவில்லை. துன்பப்பட்டு வந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. கூலி வேலையை விட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்திருக்க முடியாத குடும்பங்கள், மாதப் பணம் கட்டி நோயாளியை அங்கே ஒப்படைத்தன. அவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்தார்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட விடுதி ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள்.

பெற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. நான் கதை எழுதுகிறவன். ஒரு மனிதன் ஏன் ஒரு காரியத்தைச் செய்தான் என்று பார்ப்பது என் தொழில். எனக்கு இதில் தெரிவது கல்நெஞ்சம் அல்ல, கணக்கு. ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம், வீட்டில் காத்திருக்கும் மற்றப் பிள்ளைகள், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்ற அச்சம் எல்லாம் சேர்ந்த கணக்கு. அந்தச் சங்கிலியின் ஒரு முனை கொட்டகைத் தூணில் இருந்தது. மறு முனை இந்தக் கணக்கில் இருந்தது.

கோயில் என்றாலே கொடுமை என்பதும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் பெங்களூர் நிலையத்து டாக்டர்கள் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்து முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மருந்து கிடையாது, உறவினர் உடன் இருந்தார்கள், கோயில் வேலைகளில் கைகொடுத்தார்கள். சில வாரங்களில் நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஐந்தில் ஒரு பங்குதான். மீதிக்கு மாத்திரை வேண்டும். ஆனாலும், நோயாளியை மனிதனாக நடத்தும் இடம் என்பதே பாதி மருந்து என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

இப்பொழுது 'உலக மனநலம்' என்று ஒரு மேற்படிப்பு வந்திருக்கிறது. லண்டனில் கிங்ஸ் கல்லூரியும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து நடத்துகின்றன. 2007-இல் 'லான்செட்' பத்திரிகையில் வந்த கட்டுரை வரிசை இந்தத் துறைக்கு வேகம் கொடுத்தது. ஏழை நாடுகளில் டாக்டர்கள் போதாது. சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களே மனத்துயருக்குப் பெரிதும் உதவமுடியும் என்பது அதன் முக்கியமான கருத்து. கோவாவில் அப்படிச் செய்துபார்த்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்கிறாள். கோடாங்கியின் உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே எங்கள் ஊர்ப் பெண்கள் கொட்டித் தீர்த்ததும் கேட்க ஆள் கிடைத்ததால்தானே!

2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் கூலியைக் கொடுக்காது, பஸ்ஸுக்கும் கொடுக்காது. மாதாந்தர மாத்திரை நடந்து போகும் தூரத்தில் கிடைத்து, கேட்பதற்கு ஓர் ஆளும் அதே தெருவில் இருந்தால்தான் சங்கிலிக்கு வேலை இல்லாமல் போகும். இந்தப் படிப்பைப் படிக்கும் பிள்ளைகள் லண்டனுக்கும் போகட்டும், பெங்களூருக்கும் போகட்டும். பருத்தி எடுக்கும் மாதத்தில் ஒரு தடவை கரிசல் பக்கமும் வந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் குடும்பத்தின் கணக்கைக் கேட்டுக்கொண்டு போகட்டும். அந்தக் கணக்கை நேர் செய்கிற வழியைத்தான் அவர்கள் கண்டுபிடிக்கவேண்டும்.