அலையாத்திக் காட்டின் டிகாஷன்

ஃபில்டரில் காப்பிப் பொடியின் மேல் வெந்நீர் ஊற்றினால் கீழே டிகாஷன் இறங்குகிறது. காட்டு மண்ணிலும் நடப்பது அதுதான். மட்கும் சருகு, வேர், நுண்ணுயிர் இவற்றிலிருந்து கரையக்கூடியவற்றை மழைநீர் எடுத்துக்கொண்டு இறங்குகிறது. இதற்குக் கரைந்த கரிமப் பொருள் என்று பெயர். ஆய்வகத்தில் வழக்கமாக 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியைத் தாண்டி வருவதெல்லாம் 'கரைந்தது'தான். (இந்த வரையறையை எங்கள் மென்பொருள் ஆசாமி யாரோ எழுதியிருக்க வேண்டும்!)

இறங்கியதெல்லாம் ஓடைக்கு வந்து சேர்வதில்லை. அடிமண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பெரும்பகுதியைப் பற்றிக்கொள்கின்றன.

சரி, மழையே இல்லாத ஊரில்? நான் வசிக்கும் அபுதாபியில் ஆண்டு மழை சராசரியாக 100 மி.மீ.க்கும் குறைவு. வற்றாத ஆறு அமீரகத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கடலோரம் காடு இருக்கிறது. 2020 ஜனவரியில் திறந்த ஜுபைல் தீவுப் பூங்காவின் மரப்பாலத்தில் நடந்தால் இருபுறமும் வெண்கண்டல். முத்துப்பேட்டைக்காரர்களுக்குப் பழகிய அதே அவிசென்னியா மரீனா.

இங்கே மழையின் வேலையைக் கடல் செய்கிறது. ஏற்றத்தின்போது நீர் சேற்றுக்குள் புகுகிறது. வற்றும்போது நண்டு வளைகள் வழியாக வடிந்து, கரைந்ததை இழுத்துக்கொண்டு ஓடைக்குத் திரும்புகிறது. பிராணவாயு இல்லாத சேற்றில் இரும்பு ஆக்சைடுகள் சிதைவதால் பற்றிக்கொள்ளும் சக்தியும் குறைவு.

உலக நிலப்பரப்பில் 0.1 சதவீதம்கூட இல்லாத அலையாத்திக் காடுகள், நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் கரைந்த கரிமத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தருகின்றன என்று 2006இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வட பிரேசிலில் அளந்ததை உலகத்துக்கே விரித்த கணக்கு அது. அமேசான் பக்கத்து மழைக்கார மரங்களின் கணக்கை வளைகுடாவின் குட்டை மரங்களுக்குப் பொருத்த எனக்குத் தயக்கம்தான்.

2030க்குள் 10 கோடி கண்டல் நடுவதாக அமீரகம் 2021இல் அறிவித்தது. அலுவலக நண்பர்களுடன் நானும் நாற்று நடப் போயிருந்தேன். "நாம எவ்வளவு கார்பன் சேமிச்சிருப்போம்?" என்று ஒருவர் கேட்டார். கணக்குப் போடுபவர்கள் பொதுவாக மரத்தையும் சேற்றையும் அளக்கிறார்கள். கரைந்து வெளியேறுவது அந்தப் பேரேட்டில் ஏறுவதில்லை. அதில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக்கிவிடும், அது நஷ்டம். எளிதில் மட்காத மிச்சம் கடலில் நெடுங்காலம் தங்கும். அதுவும் சேமிப்புதான், இடம்தான் வேறு.

எது எவ்வளவு என்று அறிய, ஓடை வாயில் நின்று, சுமார் 12 மணி 25 நிமிடம் நீளும் ஒரு முழு ஓதச் சுற்றுக்கு, உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் மணிக்கொரு தரம் குப்பியில் பிடிக்க வேண்டும். ஆகஸ்ட் மாதத்திலும்.