படகில் வந்த பூனை

எலித் தொல்லைக்காகத்தான் மனிதன் பூனையை வீட்டில் சேர்த்தான் என்பார்கள். என் வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன, எலிகளும் இருக்கின்றன. போன மாதம் ஐந்தாவதும் வந்து சேர்ந்தது. பழைய நான்கும் அதைப் பார்த்துச் சீறுகின்றனவே தவிர, எலியைப் பார்த்துச் சீறக் காணோம். ஆகவே அந்தக் காரணம் மட்டும் எனக்குப் போதவில்லை.

சரித்திரத்தைப் பார்ப்போம். சைப்ரஸ் தீவுக்குப் பூனை சொந்தப் பிராணி அல்ல. ஆயினும் அங்கே சுமார் 9,500 வருஷங்களுக்கு முந்திய சமாதி ஒன்று அகப்பட்டது. விவரம் 2004-ல் வெளியாயிற்று. மனித எலும்புக்கூட்டுக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி, தனிக் குழியில், எட்டு மாதப் பூனை ஒன்று முழுசாகக் கிடந்தது. இரண்டுக்கும் தலை ஒரே திசை.

அந்தக் குலத்தை யாரோ படகேற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். தானியத்தைக் காக்கத்தான் என்றே வைத்துக்கொள்வோம். வெறும் எலிப்பொறியாக நினைத்திருந்தால், மனிதனுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கொடுத்திருப்பார்களா?